நான்கு படி வெளுப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

முதலில் வழக்கம்போல 'கருப்பிக்கு' என்று ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அந்தப் பெயரால் இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. இருபத்தேழு வருடமாக வாயில் கிடக்கிற பெயர். அதை விட்டுவிட்டு உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னால் யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. அதனால் மகளுக்கு என்றே எழுதிவிட்டேன்.

நீ என் போனை எடுக்காததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு தடவை அடித்தேன், அவ்வளவுதான். உனக்குத் தங்கும் அனுமதி கொடுக்கிற அலுவலகம் என்னிடம் கேட்டிருக்கும் வாக்குமூலத்தில் பேனாவால் போட்ட கையெழுத்துதான் செல்லுமாம், போனில் படம் பிடித்து அனுப்பினால் செல்லாதாம். எப்படியும் ஓர் உறை உன்னைத் தேடி வரத்தான் வேண்டும். அதற்குள் இதையும் வைத்துவிடுகிறேன். வாக்குமூலத்துக்காகவாவது உறையைப் பிரிப்பாய் அல்லவா?

நடந்ததை அம்மா அழுதுகொண்டே சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்ததை எழுதுகிறேன். தப்பிருந்தால் சொல். மூன்று வருடத்துக்கு முன்னால் நீ அங்கே போய் இறங்கியபோது பாஸ்போர்ட்டை ஓர் ஆள் புரட்டிப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். இப்போது தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஆளுக்குப் பதிலாக ஒரு கேமரா. அது உன் முகத்தையும் பாஸ்போர்ட் படத்தையும் ஒப்பிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. மறுபடி நில் என்றார்கள். நான்கு தடவை நின்றாய், நான்கு தடவையும் சிவப்பு. பிறகு ஓர் அறையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்து, படத்தில் இருப்பது யார், உன் அக்காவா, அவள் பாஸ்போர்ட்டில் நீ வந்தாயா என்று கேட்டார்கள். உனக்கு ஏது அக்கா! கைரேகை பொருந்துகிறதே என்று நீ சொன்னதற்கு, இங்கே வந்து இறங்கியவள் நீதான் என்பதை ரேகை சொல்கிறது, இந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரியவள் நீதானா என்பதை அது சொல்லவில்லை என்றார்களாம். கேட்டவர் உன்னைவிடக் கருத்த ஒரு பெண் அதிகாரி என்றும் அம்மா சொன்னாள். அது ஆறுதலா, இல்லை இன்னும் மோசமா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நீ சின்ன வயதிலிருந்து எடுத்துக்கொண்ட படங்களும், பாஸ்போர்ட் படத்தை எடுத்தவரின் வாக்குமூலமும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவரை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று உன் மேலதிகாரி சொல்லிவிட்டார். இதுதானே விஷயம்? படத்தை எடுத்தவன் நான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாளே நானும் அம்மாவும் வீட்டையும் கடையையும் தலைகீழாகப் புரட்டினோம். நாற்பத்தொரு படங்கள் கிடைத்தன. மூன்று மாதக் குழந்தையாகத் தலையணையில் சாய்த்து எடுத்ததிலிருந்து, கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்ததுவரை. எல்லாம் நம் ஸ்டூடியோவில் நான் எடுத்தவை. தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு இருவரும் நின்று பார்த்தோம். வெயிலில் ஓடித் திரிந்த வயதிலும் ஒரே நிறம், காய்ச்சலில் கிடந்து எழுந்த வருடத்திலும் அதே நிறம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுகூட அவ இல்லீங்களே" என்றாள்.

பள்ளிக்கூட வகுப்புப் படங்களும் நம் கடைதான் எடுத்தது, அவற்றிலும் அதே கதை. உன் தோழிகளின் போனில் இருக்குமே என்று இரண்டு பேரிடம் கேட்டேன். அந்தப் போன்களே தானாக வெளுத்துவிடுகின்றனவாம். உன் அத்தை மகள் கல்யாணத்தை வேறொரு கடைக்காரன்தானே எடுத்தான் என்று அவனிடம் ஓடினேன். அவன் படத்தில் நீ நம் படத்தைவிட ஒரு படி கூடுதலாக ஜொலிக்கிறாய். தொழிலில் போட்டியாம். பழைய நெகட்டிவ்களாவது இருக்குமென்று பெட்டியைத் திறந்தால் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகக் கிடந்தன. கணினியில் மூலப்படம் இல்லையா என்று நீ கேட்பாய். திருத்திய படத்தை அதன் மேலேயே சேமித்துவிடுவது நம் கடை வழக்கம். திருத்தாத படம் யாருக்குத் தேவைப்படப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த அதிகாரி உன்னிடம் கேட்டால் நீ சொல்ல வேண்டியிருக்குமே என்பதற்காக எழுதுகிறேன். யார் வந்து உட்கார்ந்தாலும் முகத்தை இரண்டு படி வெளுப்போம். கேட்டவர்களுக்கு, கேட்காதவர்களுக்கு, எல்லோருக்கும். இதற்குக் கடையில் பெயர் 'கரெக்‌ஷன்'. விசைப்பலகையில் ஒரே ஒரு பொத்தான். அதன்மேல் இருந்த எழுத்தே என் விரல் பட்டுத் தேய்ந்துபோய்விட்டது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு படி. இறந்துபோன இறைச்சிக் கடைக்காரரின் படத்தைப் பெரிதாக்க அவர் மனைவி வந்தபோது, இதற்கு எதற்கு என்று நான் விடப்போனேன். "உயிரோட இருந்த வரைக்கும் வெயில்லதான் காய்ஞ்சாரு, இப்பவாவது நிழல்ல இருக்கட்டும், ஏத்துங்க" என்றார் அந்த அம்மா. நான் யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டதைத்தான் கொடுத்தேன். இந்தக் கடிதத்தில் இதை நான் எத்தனை தடவை சொல்லப்போகிறேனோ தெரியவில்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு பெண் வந்தாள், வேலை விண்ணப்பத்துக்குப் படம். எடுத்து முடித்ததும் என் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போனது. தூக்கிவாரிப் போட்டது. விரலை எடுத்துக்கொண்டு, "அப்படியே விட்டுடட்டுமாம்மா?" என்று கேட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்த்தாள். "ஏன் சார், எனக்கு மட்டும்?" என்றாள். முகம் சுருங்கிவிட்டது. என்ன செய்வேன்? இரண்டு படி போட்டுத்தான் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே போனாள். நான் செய்தது நல்லதா கெட்டதா, நீயே சொல்.

உன் தாத்தாவின் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவரும் இல்லை, மறுத்துப் பேசவும் மாட்டார். ஆனால் அதற்கும் மனது வரவில்லை. பின்னறை அலமாரியில் கடையை ஆரம்பித்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கண்ணாடிப் படத் தகடுகள் இருக்கின்றனவே, சின்ன வயதில் நீ பார்த்துப் பயந்து அழுதாயே, அவற்றை நேற்று எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். நம் ஆட்கள் ஓர் அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். நெஞ்சில் எண் எழுதிய பலகை. பெயர் கிடையாது. முகங்கள் கரியாக இருக்கின்றன, கண் மட்டும் தெரிகிறது. தாத்தா அப்போது துரையிடம் விளக்குத் தூக்கும் வேலை பார்த்தவர். சர்க்காருக்கான படம் என்றால் துரை விளக்கைக் குறைக்கச் சொல்வாராம். இன்ன கூட்டம், இன்ன இனம் என்று மேலிடத்தில் பார்த்தவுடன் தெரிந்துகொள்ள இருட்டாக இருந்தால்தான் வசதியாம். அதே அறையில் துரைமார் குடும்பம் வந்து உட்கார்ந்தால் எல்லா விளக்கும் எரியுமாம்.

துரை கப்பலேறிப் போய்க் கடை தாத்தா கைக்கு வந்த அன்றைக்கு, அவர் செய்த முதல் காரியம் எல்லா விளக்கையும் போட்டதுதான். "நம்ம ஆளுங்க இருட்டுல நின்னது போதும்" என்று சொன்னாராம். தெருக்கோடி வரை வரிசை நின்றதாம். தங்கள் முகத்தை அவர்கள் அந்த வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. விளக்கு போதாதென்று தோன்றியபோது நெகட்டிவில் பென்சிலால் தீற்றினார். என் காலத்தில் பென்சில் போய்ப் பொத்தான் வந்தது. அவர் அதை மரியாதை என்று நினைத்துச் செய்தார். இருட்டை நீக்கியது சரிதானே? சரியென்றால் எந்த இடத்தில் அது தப்பானது? விளக்கில் நிறுத்தியிருக்க வேண்டுமா? பென்சிலிலா? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். கடைப் பலகையில் இன்னும் துரையின் பெயர்தான் இருக்கிறது. எடுத்தால் வாடிக்கை போய்விடும் என்று அவர் பயந்தார். நானும் பயப்படுகிறேன்.

இதுவரை திங்கட்கிழமை எழுதியது. இன்று வியாழன். இடையில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

ஏற்றியதை இறக்கினால் உன் நிறம் வந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். கல்லூரிப் படத்தைத் திரையில் திறந்து இரண்டு படி இறக்கினேன். சாம்பல் பூசியதுபோல் ஒரு முகம் வந்தது. கன்னத்துக்குச் சிவப்புக் கொடுத்தேன், மஞ்சள் கொடுத்தேன், மறுபடி குறைத்தேன். காலையில் ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கூட்டிக் குறைக்க நிறைய வழி இருக்கிறது, எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாருங்க இது?" என்றாள்.

திரையை அணைத்துவிட்டு உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். உன் முகத்தில் எந்த இடத்தில் மச்சம், எந்தப் புருவம் மேலே ஏறும், சிரித்தால் எந்தப் பல் முதலில் தெரியும் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நிறம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. இருபத்திநாலு வருடம் என் கண்ணெதிரே வளர்ந்தவள், மூன்றே வருடத்தில் எப்படி மறக்கும்? மறந்தேனா, இல்லை பார்க்கவே இல்லையா? உன் அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். "நம்ம அம்மா நிறம்தானேண்ணா" என்றாள். அம்மாவைக் கேட்டால் "என் நிறம்" என்கிறாள். உன் மாமா மட்டும் தயங்காமல், "மாநிறம்னு போடுங்க, தப்பே வராது" என்றார். வக்கீல் குமாஸ்தா அல்லவா. அவர் பேச்சைக் கேட்டால் உலகத்தில் எல்லோரும் மாநிறம்தான்.

அம்மா ஒரு யோசனை சொன்னாள். மகள் என் நிறம்தானே, என்னைப் படமெடுத்து அனுப்புங்கள், தாயையும் மகளையும் பார்த்தால் அவர்களுக்கே தெரியும் என்றாள். பவுடர் இல்லாமல் முகம் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூடியோ முக்காலியில் உட்கார்ந்தாள். பவுடர் இல்லாமல் அவள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. எடுத்தேன். திரையில் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தாள். பிறகு மெல்ல, "ஆபீசருக்குப் போற படம், கொஞ்சமா ஏத்துங்களேன்" என்றாள். நான் மாட்டேன் என்றேன். அவள் உனக்காகக் கேட்கவில்லை, தனக்காகக் கேட்கிறாள் என்று தெரிந்தும் மாட்டேன் என்றேன். அவளும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆக இப்போது வீட்டிலும் பேச ஆள் இல்லை. படம் உறையில் இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

இனி வாக்குமூலம். படிவத்தில் இரண்டு கேள்விதான் கஷ்டமானவை. படம் தெரிந்தே மாற்றப்பட்டதா? ஆம் என்றால் காரணம் என்ன? விளக்குக் கோளாறு என்று எழுதச் சொன்னார் மாமா. தெரிந்தே செய்தோம் என்று கையெழுத்துப் போட்டால் அது எப்படியும் இங்கே வந்து சேரும், பாஸ்போர்ட் படம் எடுக்கிற அனுமதியைப் பிடுங்கிவிடுவார்கள், கடையில் பாதி வேலை போய்விடும் என்றார். அவர் சொல்வது சரிதான். விளக்குக் கோளாறு என்று ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். நாற்பத்தொரு படங்களிலும் கோளாறான விளக்கு என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீ.

பிறகு வழக்கம் என்று எழுதினேன், அடித்தேன். வாடிக்கையாளர் விருப்பம் என்று எழுதினேன். நீ பதினேழு வயதில் கல்லூரி விண்ணப்பத்துக்கு "இன்னும் ஒரு படி ஏத்துங்கப்பா" என்று கேட்டது ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அதை எனக்குச் சாட்சியாக நெஞ்சில் வைத்திருந்தேன். நீயே கேட்டாய் என்று ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று. பேனாவை வைத்துவிட்டு யோசித்தால், அந்தப் பதினேழு வயதுப் பெண் அதுவரை தன் முகத்தை எந்தப் படத்தில் பார்த்திருக்கிறாள்? அதையும் அடித்தேன். அழகாகக் காட்டுவதற்காக என்று எழுதினேன். எழுதிய கையோடு, என் முகத்தில் எதைச் சரிபண்ணினார் என்று அப்பாவிடம் கேள் என்று நீ அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்ததுபோல் இருந்தது. அதையும் அடித்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை பக்கம் சுற்றி வளைத்ததே இதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் என்று நினைக்கிறேன். பாஸ்போர்ட் படம் எடுத்த அன்று, "அப்பா, இதுல கை வெக்காதீங்க, பாஸ்போர்ட்டுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் நீ எழுந்து போனாய். நானும் சரி என்றேன். பழக்கத்தில் விரல் பட்டுவிட்டது என்று நீ நினைத்திருக்கிறாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். இல்லை. திரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ போகப்போகும் நாட்டை நினைத்தேன். அங்கே ஒரு மேசைக்கு முன்னால் நீ நிற்பதும், யாரோ உன்னை மேலும் கீழும் பார்ப்பதும் கண்ணில் வந்தது. பின்னறைத் தகட்டில் நிற்கிற ஆட்களின் வரிசையில் என் மகளும் நிற்பதுபோல் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். போதாதென்று தோன்றியது. இன்னொரு தடவை அழுத்தினேன். உன் பாஸ்போர்ட் படத்தில் இருப்பது நான்கு படி.

எதற்குப் பயந்து ஏற்றினேனோ, அதையே உன் தலையில் கொண்டுவந்து கட்டிவிட்டேன். அந்த மேசைக்கு முன்னால் உன்னை நிற்கவைத்தது நான்தான்.

காரணம் என்ற இடத்தில் பயம் என்று ஒரே சொல்லை எழுதியிருக்கிறேன். யார் மீது பயம், எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாட்டுக்காரர்கள் மீதா, நம் ஆட்கள் மீதா, உன் முகத்தின் மீதேவா? "இதையெல்லாம் எழுதினா சிரிப்பாங்க" என்றார் மாமா. சிரித்துவிட்டு முத்திரை குத்தினால் போதும் என்றேன். தெரிந்தே செய்தேன் என்பதற்கு ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடை அனுமதியைப் பற்றி நீ கவலைப்படாதே. கல்யாணம் காட்சி என்று ஊரில் யாராவது படமெடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இதற்கு நடுவே என் மனதின் ஒரு மூலை, இந்த வாக்குமூலம் எடுபடாமல் போனால் நீ வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாய், வாசலில் நிற்கவைத்து ஆசைதீரப் பார்க்கலாம் என்றும் நினைக்கிறது. அந்த நினைப்பை நான் ஏற்கவில்லை. நீ அங்கேயே இருந்து உன் வேலையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மனதுதான் நினைக்கிறது, நான் என்ன செய்ய?

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், விண்ணப்பதாரரின் நிறத்தை உங்களுக்குத் தெரிந்தபடி எழுதுங்கள் என்று இருக்கிறது. மாநிறம் என்று எழுதக் கை வரவில்லை. அதைக் காலியாக விட்டிருக்கிறேன். காலையில் ஜன்னல் ஓரமாக நின்று கண்ணாடியைப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறதோ அதை நீயே எழுதிக்கொள். எழுதியபின் அம்மாவிடமாவது சொல். அவள் என்னிடம் சொல்வாள். பெற்றவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அனுமதி கிடைக்கும். வேலைக்கும் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் கதவுக்கு முன்னால் நின்றாலும் உன் முகத்துக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைச் சரியாகப் பார்க்காத,
அப்பா